பிராங்கோலினுக்கு ‘இதல்’: கவுதாரிப் பெயர்கள் பற்றி ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

பறவைக் கையேட்டை மொழிபெயர்க்கும் தங்கை, தரையில் திரியும் பறவைகளின் ஐந்து ஆங்கிலப் பெயர்களை நம் குழுவில் கொடுத்துத் தமிழ் கேட்டிருந்தார்: பிராங்கோலின், பார்ட்ரிட்ஜ், ஸ்பர்ஃபௌல், குவெய்ல், பட்டன்குவெய்ல். வந்த பதில்களில் பெரும்பாலானவை ஒரே வழியைத்தான் காட்டின. முதல் மூன்றுக்கும் கவுதாரி, பின் இரண்டுக்கும் காடை, முன்னால் ஆளுக்கோர் அடைமொழி. மூன்று நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்; எனக்கு அந்த வழி சரியாகப் படவில்லை. இந்தப் பறவைகளுக்கு நம்மிடம் இதல், சிவல், பூழ், குறும்பூழ், காடை, கவுதாரி என்று ஆறு சொற்கள் இருக்கின்றன. அகராதிகள் இவற்றில் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாக எழுதிச் சுற்றி வருவதால், எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணம் நமக்கு வந்துவிட்டது. அந்தச் சொற்கள் பாட்டில் வரும் இடத்தையும் பறவையின் உடம்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

முதலில் கவுதாரி. இது புத்தகச் சொல் இல்லை, ஊர்ச் சொல். எங்கள் மானாவாரிக் காட்டில் சோளம் அறுத்து முடிந்த நாட்களில், விடிவதற்கு முன்பே வேலியோரத்திலிருந்து கவுதாரி கூப்பிடும். முதலில் தயங்கித் தயங்கி ஒன்றிரண்டு குரல், அப்புறம் விடாமல் மூன்று மூன்று அசையாக. ஒன்று தொடங்கினால் அடுத்த காட்டிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். “கவுதாரி கூப்பிட்டாச்சு, எந்திரி” என்றுதான் பாட்டி எங்களை எழுப்புவார். ஆள் அரவம் கேட்டால் புதருக்குள் ஓடி மறையும். மிக நெருங்கிவிட்டால்தான் விர்ரென்று எழும்பி, கொஞ்ச தூரம் பறந்து, மறுபடி இறங்கி ஓடும். கையேட்டில் ‘கிரே பிராங்கோலின்’ என்று போட்டிருக்கும் பறவை இதுதான். இந்தப் பெயரை எந்தக் காரணத்துக்காகவும் இந்தப் பறவையிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பது என் முதல் வேண்டுகோள்.

எழுத்து முறை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கௌதாரி என்று எழுதினால் தட்டச்சில் ஒரு தொல்லை இருக்கிறது. ஔகாரக் குறியும் ளகரமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருப்பதால், பாதிப்பேர் கெ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்துவிடுகிறார்கள். கணினிக்கு அது வேறு சொல், தேடினால் கிடைக்காது. கவுதாரி என்று எழுதினால் அந்தக் குழப்பமே இல்லை, பேச்சு ஒலிக்கும் அதுதான் நெருக்கம். தலைச்சொல்லாகக் கவுதாரியைப் போட்டு, கௌதாரியை மாற்று வடிவமாகக் காட்டலாம். ஊர்ப் பெயர்களில் மட்டும் கை வைக்க வேண்டாம். கிளிநொச்சி மாவட்டம் பூநகரிப் பக்கம் உள்ள கௌதாரிமுனை அப்படியே இருக்கட்டும். இலங்கையில் இந்தப் பறவை வடக்கு, வடமேற்குக் கரையோர வறண்ட நிலத்தில்தான் உண்டு, தீவின் மற்றப் பகுதிகளில் இல்லை. அந்த முனைக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று யாழ்ப்பாணத்து அண்ணர் எழுதியிருந்ததை நானும் வழிமொழிகிறேன்.

இனி ஆங்கிலப் பெயர்களின் கதை. இதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், ஆங்கிலத்தின் பின்னாலேயே நாம் ஓட வேண்டியதில்லை என்பது புரியும். இங்கே வந்த வெள்ளையர்கள் நம் கவுதாரியைப் பார்த்ததும் தங்கள் நாட்டுப் பறவையின் பெயரைக் கொடுத்து ‘கிரே பார்ட்ரிட்ஜ்’ என்றார்கள். ஆனால் ஐரோப்பாவில் அதே பெயரோடு வேறொரு பறவை ஏற்கெனவே இருந்தது. அதனால் பின்னாளில் இதைக் ‘கிரே பிராங்கோலின்’ என்று மாற்றினார்கள். அறிவியல் பெயரும் நிலையாக நிற்கவில்லை. 1789இல் ஜெர்மன் இயற்கையியலாளர் க்மெலின் இதற்கு டெட்ராவோ பாண்டிசெரியானஸ் என்று பெயரிட்டார். புதுச்சேரியின் பெயர் அன்றிலிருந்து இந்தப் பறவையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்புறம் நெடுங்காலம் பிராங்கோலினஸ் பேரினத்தில் இருந்தது. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு, 19ஆம் நூற்றாண்டில் வழங்கிய ஆர்டிகோர்னிஸ் என்ற பழைய பேரினப் பெயரைத் தூசி தட்டி எடுத்து, இப்போது ஆர்டிகோர்னிஸ் பாண்டிசெரியானஸ் என்கிறார்கள். இத்தனை மாற்றத்திலும் மாறாமல் நின்றது பாண்டிசெரியானஸ் மட்டும்தான்.

ஸ்பர்ஃபௌல் இன்னும் சிக்கல். இந்தியாவிலும் இலங்கையிலும் அந்தப் பெயர் காலோபெர்டிக்ஸ் பேரினத்தின் மூன்று பறவைகளைக் குறிக்கும். ஆப்பிரிக்காவில் அதே பெயரால் முற்றிலும் வேறு பேரினமான டெர்னிஸ்டிஸ் பறவைகளைச் சொல்கிறார்கள். ஆங்கிலச் சொல்லைப் பார்த்து நாம் ஒரு தமிழ்ச் சொல் கட்டினால், அந்த நாட்டுக் குழப்பத்தையும் சேர்த்தே வாங்கி வருவோம். பறவையைப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும்.

சரி, இதலுக்கு வருகிறேன். நேற்று பேராசிரியர் ஐயா, “இதல் என்பது காடையா கவுதாரியா என்று உரைகளிலேயே ஒருமிப்பு இல்லை, அப்படிப்பட்ட சொல்லைக் கலைச்சொல்லாக எடுக்கலாமா?” என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. உரைகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பாட்டு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அகநானூற்றில் ஒரு பாலைப் பாட்டு இந்தப் பறவையை இப்படிக் காட்டுகிறது:

“வரிப்புற இதலின் மணிக்கண் பேடை
நுண்பொறி அணிந்த எருத்தின் கூர்முட்
செங்காற் சேவல் பயிரும்”

முதுகில் வரி. கழுத்தில் நுண்ணிய புள்ளி. காலில் கூர்மையான முள். கால் நிறம் சிவப்பு. துணையை அழைக்கும் குரல். இப்போது ஒரு கவுதாரிச் சேவலின் படத்தை எடுத்துப் பாருங்கள். உடம்பு முழுக்கக் குறுக்கு வரிகள், மங்கிய மஞ்சள் தொண்டையைச் சுற்றிக் கரும்புள்ளிகளால் ஒரு மாலை, சிவந்த கால், பின்புறம் முள். இன்றைய களக் கையேடு அடையாளக் குறிப்பாகத் தருவதையே புலவர் இரண்டரை அடியில் சொல்லி முடித்துவிட்டார். முதல் முறை இந்த அடிகளையும் படத்தையும் சேர்த்துப் பார்த்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

முள்தான் இங்கே தீர்ப்புச் சொல்கிறது. காடைக்குக் காலில் முள் கிடையாது. ஆகவே இதல் காடையாக இருக்க முடியாது. தமிழ்நாட்டில் உள்ள இன்னொரு பிராங்கோலின், உடலெல்லாம் வெண்புள்ளி கொண்டது. அதன் சேவலுக்கும் முள் இல்லை. மிஞ்சுவது நம் கவுதாரி. அகநானூற்றிலேயே வேறோர் இடத்தில் வெட்சி மொட்டுக்கு உவமையாக “இதல் முள் ஒப்பின் முகைமுதிர் வெட்சி” என்று வருகிறது. முள் என்றதும் இதல் நினைவுக்கு வரும் அளவுக்கு அந்த மக்களுக்கு அது பழகிய பறவை.

புறநானூறு 320ஆம் பாட்டை இந்தக் கண்ணோடு மறுபடி படித்துப் பாருங்கள். வேட்டுவன் முற்றத்து நிழலில் அயர்ந்து தூங்குகிறான். மற்ற மான்களை ஈர்த்துப் பிடிக்க அவன் பழக்கி வைத்திருக்கும் பார்வைப் பிணையோடு (பெண்மானோடு) காட்டுக் கலைமான் ஒன்று வந்து விளையாடுகிறது. மனைவி அதைப் பார்க்கிறாள். அசைந்தால் கணவன் விழித்துவிடுவான், கலை பிணையை விட்டு ஓடிவிடும் என்று அஞ்சி அப்படியே நின்றுவிடுகிறாள். ஆள் நடமாட்டம் இல்லாததால், மான்தோலில் காயப்போட்ட தினையைக் “கானக் கோழியொடு இதல் கவர்ந்து உண்டென” என்று பாட்டு போகிறது. வீட்டு முற்றம் வரை வந்து தானியம் பொறுக்கும் பறவை இதல். கவுதாரி இன்றும் அப்படித்தான். வேலிக்கும் களத்துமேட்டுக்கும் வரும். அடர்ந்த காட்டை விரும்பாது.

ஆகவே என் முன்மொழிவு: பிராங்கோலின் என்ற குழுவுக்கு இதல். அதில் நம்மூர்ப் பறவைக்குக் கவுதாரி என்பதே முதற்பெயர். வகைப்பாடு சொல்ல வேண்டிய இடத்தில் சாம்பல் இதல். வெண்புள்ளி உள்ளது புள்ளி இதல். வடநாட்டில் இருப்பது கருப்பு இதல்.

இதற்கு வந்த மறுப்புகளில் ஒன்று எனக்கும் உறுத்தியது. “இதல் என்று பேசினால் இதழ் என்றுதான் காதில் விழும்” என்று சென்னை நண்பர் எழுதியிருந்தார். பேச்சில் அது உண்மை. ஆனால் பறவை பற்றிய பேச்சில் புள்ளி இதல் என்று கேட்கும் ஒருவர் பூவிதழையோ வார இதழையோ நினைக்கப் போவதில்லை. அலை, அழை, அளை மூன்றையும் வைத்துக்கொண்டு நாம் காலம் தள்ளவில்லையா? இதற்கோழி என்ற மாற்றை மட்டும் எடுக்க வேண்டாம். ‘இதற்கு ஓழி’ என்று கண் பிரித்துப் படிக்கும்.

இன்னொருவர், இந்தியா முழுதும் விளங்கும்படி தித்திரி என்று வைக்கலாம் என்றார். சமஸ்கிருதத் தித்திரி, இந்தித் தீத்தர் இரண்டும் இந்தப் பறவையின் குரலிலிருந்து பிறந்தவை. தைத்திரீயம் என்ற வேதக் கிளைப் பெயரிலும் இதுவே இருக்கிறது. யாக்ஞவல்கியர் உமிழ்ந்த வேதத்தை மற்ற சீடர்கள் தித்திரிப் பறவைகளாகி எடுத்துக்கொண்டார்கள் என்பது கதை. அழகான சொல்தான். ஆனால் மலையாளத்தில் தித்திரி என்றால் ஆள்காட்டி. பாலக்காட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பறவை, அந்தப் பக்கம் வேறொரு பறவை என்றால் கோவைக்காரர்களுக்குத்தான் சங்கடம். கன்னடத்துக் கௌஜல, தெலுங்குக் கௌஜு இரண்டும் நம் கவுதாரியின் உறவுபோல ஒலிக்கும்போது, தித்திரியைத் தேடிப் போக எனக்கு மனமில்லை.

பார்ட்ரிட்ஜ் என்ன ஆவது? இங்கே பைபிள் மொழிபெயர்ப்பின் வழக்கை மதிக்க வேண்டும் என்பது என் கருத்து. 1 சாமுவேல் 26ஆம் அதிகாரத்தில் சவுலிடம் தாவீது, மலைகளில் கவுதாரியை வேட்டையாடுவது போல என்னைத் தேடி வந்தீரே என்கிறான். அந்த நாட்டு மலைச்சரிவில் இருப்பது அலெக்டோரிஸ் பேரினத்துப் பறவை. நம் கவுதாரி அங்கே இல்லை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் கிறித்தவர்கள் அந்த வசனத்தைக் கவுதாரி என்றே படித்து வருகிறார்கள். அதைத் தவறு என்று திருத்தப் போகாமல், அந்த வசனத்திலிருந்தே மலையை எடுத்து மலைக்கவுதாரி என்று வைத்துவிடலாம். இமயத்துச் சுக்கார் பறவைக்கும் அது பொருந்தும், ஏனென்றால் அதுவும் பாறைச்சரிவில் வாழ்வதே. ஐரோப்பாவின் கிரே பார்ட்ரிட்ஜ் (பெர்டிக்ஸ் பேரினம்) சமவெளிப் பறவை. அதற்கு வயற்கவுதாரி போதும்.

சிவல் பற்றி. சிவப்பு நிற ஸ்பர்ஃபௌலுக்குச் சிவல் என்று வைக்கலாம், செம்மை என்ற அடிச்சொல்லே அதில் இருக்கிறதே என்று இருவர் சொன்னார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பட்டினப்பாலை தடுக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் புறச்சேரியில், பன்றியும் கோழியும் உறைகிணறும் உள்ள இடத்தில், “மேழகத் தகரொடு சிவல் விளையாட” என்று வருகிறது. கடலோரச் சேரியில் ஆட்டுக்கிடாயோடு சேர்ந்து திரிவது, மலைக்காட்டுச் சருகுக்குள் ஒளிந்து வாழும் ஸ்பர்ஃபௌலாக இருக்க வழியில்லை. வளர்ப்பாகப் பழகும் கவுதாரிக்குத்தான் அது பொருந்தும். வடக்கே இன்றும் கூண்டில் வைத்து வளர்க்கிறார்கள். சிவல் கவுதாரியின் இலக்கியப் பெயராகவே இருக்கட்டும். சம்பந்தமில்லாத பறவைக்கு அதைத் தூக்கிக் கொடுத்தால், நாளைக்குப் பட்டினப்பாலை படிக்கும் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள்.

அடுத்தது காடையும் பூழும். குவெய்லுக்குக் காடை என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. உணவகப் பலகையிலும் காடைதான்; அங்கே தட்டில் வருவது பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை. பட்டன்குவெய்ல்தான் பிரச்சினை. பார்த்தால் காடை மாதிரியே இருக்கும். ஆனால் அது கோழிக் குடும்பமே இல்லை; உள்ளான், ஆள்காட்டி ஆகியவற்றின் வரிசையைச் சேர்ந்தது. காலில் பின்விரல் கிடையாது, முன்விரல் மூன்று மட்டும். அதைவிட விசேஷம், பெட்டைதான் பெரியது, நிறமும் அதற்குத்தான் அதிகம், கூப்பிட்டுச் சண்டைக்கு இழுப்பதும் அதுவே. சேவல் அடைகாத்துக் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளும்.

இதற்குப் பூழ் அல்லது குறும்பூழ் என்று பெயர் வைக்கச் சொல்கிறேன். காரணம் கலித்தொகை. மருதக்கலியில், பொழுது கழித்து வீடு திரும்பிய தலைவன், எங்கே போனாய் என்று கேட்ட தலைவியிடம், குறும்பூழ்ப் போர் பார்த்துவிட்டு வருகிறேன் என்கிறான். அவள் விடவில்லை. நீ பார்த்த பூழ் எது என்று எனக்குத் தெரியும் என்று, பரத்தையரையே பூழாக வைத்துப் பேசத் தொடங்கிவிடுகிறாள். போர்ப்பறவை சேவல் என்று வைத்துக்கொண்டு படித்தால் இந்தப் பேச்சு கொஞ்சம் இடிக்கும். பட்டன்குவெய்ல் என்று வைத்துப் படித்தால் ஒட்டிவிடுகிறது, ஏனென்றால் இங்கே போரிடுவது பெட்டை. சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன், 1862 முதல் 1864 வரை வெளிவந்த தம் இந்தியப் பறவைகள் நூலில், தென்னாட்டில் கூண்டுப் பெட்டையைப் பார்வையாக வைத்து இந்தப் பெட்டைகளைப் பிடித்துச் சண்டைக்கு வளர்த்ததை எழுதியிருக்கிறார். கலித்தொகைப் புலவர் கண்டதும் இதே பறவை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பொருத்தம் இவ்வளவு இருக்கும்போது சும்மா கிடக்கும் சொல்லை எடுத்து இதற்குக் கொடுப்பதில் என்ன தடை? போலிக்காடை, முவ்விரற்காடை என்று நேற்று வந்த இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. போலி என்று பெயர் சூட்டும் அளவுக்கு அந்தப் பறவை யாருக்கும் பொய் சொல்லவில்லை. முவ்விரற்காடை என்றால் அதுவும் ஒரு காடை என்றே ஆகிவிடும். பூழ் என்பதில் இந்த இரண்டு குறையும் இல்லை.

காடையை அடியாக வைத்துக் கூட்டுச்சொல் கட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈழத் தமிழில் காடையர் என்றால் வன்முறைக் கும்பல். 1983 இனக்கலவரம் பற்றி எழுதப்பட்டவற்றில் எங்கும் இந்தச் சொல்தான். காடையர் குழாம் என்று பறவைக் கூட்டத்துக்கு யாரோ முன்மொழிந்ததை அதனால் தயவுசெய்து கைவிடுங்கள். அங்கே படிப்பவர்களுக்கு அந்தச் சொல் இரத்தத்தை நினைவூட்டும். காடைக்கூட்டம் என்றாலும் கொங்குப் பக்கம் காடை குலத்தாரைத்தான் நினைப்பார்கள். ஆனால் அதில் யார் மனமும் நோகாது.

இவற்றையெல்லாம் சேர்த்துச் சொல்லும் ‘கேம் பேர்ட்’ என்பதற்கு வேட்டைப்பறவை என்ற பரிந்துரையை நான் எதிர்க்கிறேன். வேட்டையாடும் பறவையா, வேட்டையாடப்படும் பறவையா என்பது அந்தச் சொல்லில் இல்லை. வல்லூறையும் கவுதாரியையும் ஒரே சொல்லால் குறிப்பது ஆகாது. தவிர, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே கவுதாரியை வேட்டையாடுவது குற்றம். குற்றத்தையே பெயராகச் சூட்டுவானேன்? உயிரியல் பொருளில் வரும் இடத்தில் கோழியினம் என்று போடலாம். பழைய வேட்டைக் குறிப்புகளை மொழிபெயர்க்கும்போது மட்டும் வேட்டைக்குரிய பறவை என்று விரித்து எழுதிவிடலாம்.

கடைசியாக ஸ்பர்ஃபௌல். ஆங்கிலத்தில் ‘ஸ்பர்’ எனப்படும், காலின் பின்புறம் வளரும் கொம்பைச் சேவற்கட்டு தெரிந்தவர்கள் முள் என்றுதான் சொல்வார்கள்; அகநானூறும் முள் என்றே சொல்கிறது. இந்தப் பறவைகளுக்கோ ஒரே காலில் ஒன்றுக்கு மேற்பட்ட முள் இருக்கும். இலங்கையில் மட்டும் வாழும் இனத்தின் அறிவியல் பெயரான பைகால்கராட்டா என்பதற்கே இருமுள் என்றுதான் பொருள். காலோபெர்டிக்ஸ் என்பதும் கோழி, கவுதாரி என்ற இரண்டு சொற்களை ஒட்டியது. அதனால் இப்போதைக்கு முட்கோழி என்று வைத்திருக்கிறேன்: செம்முட்கோழி, புள்ளி முட்கோழி, இலங்கை முட்கோழி.

ஆனால் இது நான் மேசையில் உட்கார்ந்து கட்டிய சொல். மலையூர்களில் வாழ்பவர்கள் இந்தப் பறவையைத் தினமும் பார்க்கிறார்கள். சருகைக் கிளறும் சத்தத்திலேயே இன்னதென்று சொல்லிவிடுவார்கள். ஏற்காடு, கொல்லிமலை, சிறுமலை, ஆனைமலைப் பக்கம் உறவோ நட்போ உள்ளவர்கள் அடுத்த முறை போகும்போது படத்தைக் காட்டி, என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு வந்து எழுதுங்கள். சேவல், பெட்டை இரண்டின் படத்தையும் காட்டுங்கள், ஏனென்றால் இரண்டும் பார்வைக்கு வேறு வேறு. அங்கிருந்து ஒரு பெயர் வந்தால் முட்கோழியை எடுத்துவிட்டு அதைப் போட்டுக்கொள்வோம். இதலும் பூழும் பற்றிய உங்கள் மறுப்புகளையும் எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்